இரண்டாவது பெட்டி

முதலாவது பொருளை வாங்குவதற்குத் தேவை ஒன்றே போதும்; இரண்டாவதை வாங்குவதற்கோ சிறிது விவேகமும் வேண்டும். இவ்வுண்மையை எமக்குக் கற்பித்தது நூலன்று, ஆசானுமன்று. கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் ஒரு மரப்பெட்டியே கற்பித்தது.

பகலெல்லாம் கல்லூரியில் மாணவர்க்குப் பாடம் சொல்லும் நாம், இரவில் ஒரு மணி நேரம் மின்கிற்றாரை மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உடையோம். எமது இல்லம் கல்முனையிலே தமிழர் தெருவும் முஸ்லிம்கள் தெருவும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உள்ளது. இடையில் ஒரு மதில்; இப்பால் எமது முருங்கை, அப்பால் ஹாஜியார் வீட்டு மாமரம். காய்க்கும் காலத்தில் இரண்டும் மதிலை மதிப்பதில்லை. நாமும் அவ்வாறே பழகி வந்தோம்.

எம்மிடம் ஏற்கெனவே இருந்தது ரோலண்ட் நிறுவனத்தாரின் ஜாஸ் கோரஸ் 120. கலைந்துபோன இசைக்குழு ஒன்றிடமிருந்து வாங்கியது. 1975இல் முதன்முதல் வெளிவந்த இவ்வகைப் பெட்டியிலே வால்வுகள் இல்லை, எல்லாம் டிரான்சிஸ்டர். 12 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 60 வாற்று வீதம் மொத்தம் 120 வாற்று ஆற்றல். தூக்கி வைப்பதற்கு இருவர் வேண்டும். தந்தியில் விரல் பட்டதும் பளிங்குபோன்ற தெளிந்த நாதம் எழும். தெளிவு அதன் பெருமை. அதுவே அதன் குறையும். கனிவு வேண்டிய இடத்திலும் அது தெளிவையே தரும். ஒலியைக் குறைத்தாலோ நாதம் மெலிந்ததாகத் தோன்ற, எம்மை அறியாமலே எமது கை குமிழை மேலே திருப்பும்.

ஆகவே இரண்டாவது பெட்டி ஒன்றில் எமது மனம் சென்றது. வால்வுப் பெட்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தோம். வால்வானது தன் வலிமையின் எல்லையை நெருங்கும்போது ஒலியலையின் முகடுகள் மெல்ல மழுங்குகின்றன. புதிய மேற்றொனிகள் பிறக்கின்றன. காதுக்கு அது கனிந்த குரலாகப் படுகிறது. டிரான்சிஸ்டர் பெட்டியின் தெளிவுக்கு இதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை. ஆனால் எதை வாங்குவது? பீட்டில்ஸ் குழுவினர் 1960களில் கையாண்ட வொக்ஸ் ஏசி 30 ஒருபுறம் அழைத்தது. ஜிம் மார்ஷல் என்பார் அதே காலத்தில் லண்டனில் உருவாக்கிய பெட்டிகளின் வழிவந்தவை மறுபுறம் அழைத்தன. அமெரிக்காவின் பென்டர் டீலக்ஸ் ரிவேர்ப் பெட்டியையும் எண்ணிப் பார்த்தோம். அமெரிக்க மின்சாரத்துக்கெனச் செய்யப்பட்டது 120 வோல்ற்றை எதிர்பார்க்கும். நம் நாட்டில் வருவதோ 230 வோல்ற்று. இடையே தகுந்த மின்மாற்றி ஒன்றும் வாங்கவேண்டும். இவ்வாறு மாதக்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். பெரியது ஒன்றை வாங்குவதென்றே எமது எண்ணம் சாய்ந்திருந்தது.

அக்காலத்தில் ஒரு நாள், எம்மிடம் பாடம் கேட்க வந்த ஹாஜியாரின் பேரன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தயங்கி நின்றான்.

"சேர், உம்மம்மாக்கு ஒப்பரேசன் செஞ்சதிலருந்து நித்திரை சரியா இல்ல. உங்கட பெட்டி நிண்டாப்புறகுதான் கண்ணயருவா. நான் சொன்னேண்டு வீட்ட சொல்லிராதீங்க."

சத்திரசிகிச்சை நடந்து மூன்று மாதமாகியிருந்தது. நோயாளியைப் பார்க்க நாமும் மனைவியும் ஒருமுறை சென்று வந்ததுமுண்டு. அன்றும் ஹாஜியார் தேநீர் தந்து உபசரித்தாரேயன்றி இதுபற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டாரும் சொல்லலாகாதென்று தடுத்திருந்தாராம். நோன்புக் காலத்து இரவுத் தொழுகை வேளையிலே கிற்றாரைத் தொடாதிருந்த நாம், அதனைப் பெரிய மரியாதையாக எண்ணி எம்மை நாமே மெச்சிக்கொண்டிருந்தோம். மற்றை நாட்களில் மதிலுக்கு அப்பால் ஒரு முதியவள் விழித்திருந்ததை அறியவில்லை. அன்றிரவு பெட்டியின் மின்கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு நெடுநேரம் உறங்காதிருந்தோம்.

மறுநாள் எமது கணக்கைப் புதிதாகப் போட்டோம். பௌதிகம் கூறும் செய்தி ஒன்று உண்டு. பெட்டியின் ஆற்றல் பத்து மடங்கானால், காதுக்கு ஓசை ஏறத்தாழ இரு மடங்காகவே கேட்கும். இதனைத் திருப்பிப் பார்த்தால், 120 வாற்றை 12 ஆகக் குறைத்தும் ஓசை பாதியளவுக்கே குறையும். வீட்டுக்கென்று 15 வாற்றுப் பெட்டி வாங்குகிறவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். அதிலும் வால்வு கனிவதற்கு அதன் எல்லையை எட்டவேண்டும். பெரிய பெட்டி கனிவதற்குள் தெருவே விழித்துவிடும். எமக்கு வேண்டியது முதலாவதினும் பெரியதன்று. முதலாவதால் இயலாததைச் செய்வது. முதலாவதால் இயலாதது, தாழ்ந்த குரலிலும் இனிமையாகப் பேசுவது.

இறுதியில் வொக்ஸ் ஏசி 4 டிவி என்னும் சிறு பெட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து பழையதாக வாங்கினோம். 10 அங்குல ஒலிபெருக்கி ஒன்று. ஆற்றல் வெறும் 4 வாற்று. அதனை ஒரு வாற்றாகவும் கால் வாற்றாகவும் குறைப்பதற்கு ஆளி ஒன்றும் உண்டு. கால் வாற்றிலேயே வால்வு தன் எல்லையைத் தொட்டுக் குழைகிறது. அடைத்த கதவுக்குள் அந்த ஒலி அடங்கிவிடுகிறது.

இரண்டையும் ஒருங்கே இயக்க விரும்பும் இளைஞருக்கு இரு செய்திகள் சொல்வோம். இரண்டு பெட்டிகளைக் கிற்றாருடன் இணைத்தால் சில வேளை இரைச்சல் எழும். இரு பெட்டிகளின் புவித்தொடுப்புகளும் ஒரு சுற்றாகிவிடுவதே காரணம். அதற்காகப் புவிக்கம்பியை அறுத்தல் உயிருக்கு ஆபத்து. இடையே தனிப்படுத்தும் மின்மாற்றி வைத்த சிறு பெட்டியைப் பயன்படுத்துக. மற்றது, ஓர் ஒலிபெருக்கி முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்குமாயின் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். சேர்ந்து ஒலிக்கையில் நாதம் வற்றிப்போனால் அதனையே முதலில் ஐயுறுக.

இவ்வளவையும் கற்றபின்பே எமது பழைய பெட்டியின் இரகசியமும் விளங்கியது. அதன் இரு ஒலிபெருக்கிகளும் ஒன்றையே சொல்வதில்லை. கோரஸ் ஆளியைத் திருப்பினால் ஒன்று சுரத்தை உள்ளபடி ஒலிக்கும். மற்றது சற்றே அசைத்து ஒலிக்கும். இரண்டும் அறையின் காற்றில் கலக்கும்போதே அந்த அகன்ற இனிமை பிறக்கிறது. கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைக் கடந்தால் வரும் காரைதீவிலே 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். பழந்தமிழர் இசையை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. நரம்புகள் தம்முள் கொள்ளும் உறவை இணை, கிளை, நட்பு, பகை என நான்காக வகுத்தவர் அப்பழந்தமிழர். நட்பாவதற்கு இரண்டும் ஒன்றாயிருக்கவேண்டியதில்லை. வேறாயிருந்தும் ஒன்றற்கு மற்றது இடங்கொடுத்தால் போதும்.

சின்னாட்களின் பின் ஹாஜியார் மதிலோரம் நின்று அழைத்தார்.

"என்ன மாஸ்டர், பெட்டிய வித்துப்போட்டீங்களா? சத்தமே இல்ல."

உள்ளே அழைத்து வந்து சிறு பெட்டியைக் காட்டினோம்; பழைய பாடல் ஒன்றை மெல்ல வாசித்தோம். பேரன் சொன்னதைச் சொல்லவில்லை. ஆனால் முதியவர் அறிந்திருப்பார் என்றே தோன்றியது. கேட்டு முடிந்ததும் எழுந்து எமது தோளைத் தொட்டார்.

"முந்தி சத்தம்தான் மாஸ்டர் கேட்ட. இப்பதான் பாட்டுக் கேக்குது."

அவர் சென்றபின் யன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தோம்.