மூக்குத்தி தூசியல்ல

திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம் காதர்பேட்டைக்கு. எக்ஸ்போர்ட் மிச்சமும் உள்ளூர்ச் சரக்கும் மொத்த விலைக்குக் கைமாறும் பனியன் பஜார் அது. கேரளத்து வியாபாரியும் நைஜீரிய வியாபாரியும் அடுத்தடுத்து நின்று பண்டல் பிரித்துப் பார்க்கிறார்கள். நான் தேடிப் போனது, பனியனில் படம் ஏற்றும் தொழிலின் முதல் படியை. மாடியில் ஒரு சின்ன டிசைன் அறை: கம்ப்யூட்டர், பிளாட்பெட் ஸ்கேனர், பிலிம் எடுக்கும் பிரிண்டர். திருவிழா பனியன்களுக்கு நடுவே, நினைவு நாளுக்காக அப்பா அம்மா படத்தை டி-ஷர்ட்டில் கேட்டு வருகிறவர்களும் உண்டு.

அன்று வந்திருந்தது ஓர் அம்மாவின் பழைய கலர் போட்டோ. படம் முழுக்கச் செவந்து கிடந்தது. அந்தக் காலத்துக் கலர் பிரிண்ட் பலவற்றில், பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சயான் சாயம் முதலில் மங்கிவிடும். மெஜந்தாவும் மஞ்சளும் மிஞ்சிச் சிவப்பு தூக்கும். ஸ்கேனர் மென்பொருளில் இதற்கென்றே ‘கலர் ரெஸ்டோரேஷன்’ இருக்கிறது. அதன் பக்கத்தில் ‘டஸ்ட் ரிமூவல்’, ‘பேக்லைட் கரெக்‌ஷன்’, ‘அன்ஷார்ப் மாஸ்க்’.

நான் கேட்டதற்காக டிசைனர் அண்ணன் எல்லாவற்றையும் டிக் செய்து ஓட்டிக் காட்டினார். சிவப்பு போயிற்று; முகத்தில் பூசியிருந்த மஞ்சளும் சேர்ந்து போயிற்று. மூக்குத்திக் கல்லின் மினுக்கம் தூசிப் புள்ளியாகக் கணக்காகி அழிந்தது. மேடுபள்ளமான மேட் காகிதத்தின் சொரசொரப்பு, ஷார்ப் ஆனதில் கன்னமெல்லாம் பொரிப்பொரியாக எழும்பியது.

“மெசினுக்கு மூக்குத்தி தெரியாதுங்க. நாமதான் பாத்துக்கோணும்” என்றபடி எல்லா டிக்கையும் எடுத்தார். கண்ணாடியையும் போட்டோவையும் துடைத்து, 600 டி.பி.ஐ.-யில் மறுபடி ஓட்டினார். அதன்பின் நிறத்தைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பார்வை முகத்தைவிடப் பின்னால் தெரிந்த வெள்ளைச் சுவரில்தான் அதிகம் நின்றது. சுவர் வெள்ளையானதும் கையை எடுத்துவிட்டார். முகத்தில் மஞ்சள் இருந்தது.

தானியங்கித் திருத்தம் படத்தின் மிக வெளிச்சமான இடத்தையும் மிக இருண்ட இடத்தையும் தேடும். ஒரு நிறம் தூக்கலாக இருந்தால் அதைப் பிழையென்று குறைக்கும். யாருடைய முகம், எந்த ஊர் வெயிலில் கறுத்த தோல் என்பது அதன் கணக்கில் வராது. இந்தக் குறை பழையது. 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் கோடாக் நிறுவனம் போட்டோ லேப்களுக்குக் கொடுத்த ‘ஷெர்லி கார்டு’களில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே நிறத்துக்கு அளவுகோலாக இருந்தது. மாநிறத்தையும் கறுப்பையும் வெளுக்க வைப்பதைத் திருத்தம் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

நெகட்டிவ் கிடைத்தால் நிலைமை வேறு. சில ஸ்கேனர்களில் உள்ள ‘டிஜிட்டல் ஐஸ்’ என்ற வசதி அகச்சிவப்புக் கதிரால் தூசி தேடுகிறது. கலர் சாயத்தை அந்தக் கதிர் ஊடுருவும். தூசியும் கீறலும் மறிக்கும். அதனால் கலர் நெகட்டிவுக்கு அது நல்ல துணை. கறுப்பு வெள்ளை நெகட்டிவிலோ படமே வெள்ளித் துகள். அதுவும் கதிரை மறிப்பதால் முகத்தையே அழுக்கென்று எடுத்துக்கொள்ளும். அங்கே அணைத்தே வைக்க வேண்டும்.

துணிக்குப் போகும் படத்துக்கு இன்னொரு கணக்கு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அங்குலத்துக்கு 45, 55 வரிசைப் புள்ளிகள்தான் பனியன் துணியில் நிற்கும். மை பரவிப் புள்ளி பெருக்கும், நிழல் அடைத்துக்கொள்ளும். ஆகவே கண்ணுக்கடியில் உள்ள இருட்டை அண்ணன் முன்கூட்டியே திறந்துவிடுகிறார். திரையில் சற்று வெளிறித் தெரிவது துணியில் சரியாக விழுகிறது.

தமிழக ஸ்டூடியோப் படங்களை பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எண்மமாக்கியிருக்கிறது. கை வைக்காத மூலக் கோப்பைத் தனியே காப்பதுதான் அத்தகைய பணிகளின் அடிப்படை. வீட்டுப் படத்துக்கும் அதுவே பொருந்தும். ஸ்கேன் போடக் கொடுப்பவர்கள் திருத்தாத டிஃப் கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் பக்கத்திலேயே உட்காருங்கள். அம்மாவின் நிறம் என்ன, அந்த மச்சம் உண்மையா என்று சொல்ல நீங்கள் இருந்தால், அந்த அறையில் இருப்பவரின் கை இன்னும் சரியாக வேலை செய்யும்.