மேகத்தில் ஓர் உத்தியோகம்

என் அக்கா சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள். "கிளவுடுல வேலை" என்று அவள் சொன்னதை எங்கள் அப்பாயி அப்படியே எடுத்துக்கொண்டு, "என் பேத்திக்கு மேகத்துல உத்தியோகம்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். தோழியரே, அந்த மேகம் எது என்று அறிய எனக்கும் ஆவல். தீபாவளி விடுமுறைக்கு வந்த அக்காவைக் கேள்விகளால் துளைத்தெடுத்தேன். அவள் சொன்னதில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

மேகம் வானத்தில் இல்லை. மும்பை போன்ற நகரங்களில், பெரிய கட்டடங்களுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்த கணினிகள்தாம் அது. வேண்டும்போது வேண்டிய அளவு வாடகைக்கு எடுக்கலாம். திருமானூர்ப் பக்கம் நெல் பயிரிடும் எங்கள் மாமா அறுப்பு மிஷினை விலைக்கு வாங்கியதில்லை. அறுப்பு நாளன்று மணிக்கு இவ்வளவு என்று பேசி வரவழைப்பார். வேலை முடிந்ததும் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். நிறுவனங்களின் கணக்கும் இதுவே.

ஏனெனில், வாடிக்கையாளர் கூட்டம் எப்போதும் ஒரே அளவில் வருவதில்லை. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதியதை நினைவிருக்கிறதா? ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2 கோடியே 53 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். ஜூலை 10 அன்று தோனி ரன் அவுட் ஆனதும் பெருங்கூட்டம் கலைந்துவிட்டது. (எங்கள் வீட்டில் அப்பா எழுந்து வெளியே போனவர், நெடுநேரம் திரும்பவில்லை.) கலைகிற கூட்டமும் சுமைதான் என்கிறாள் அக்கா. ஆட்டத்தை விட்டவர்கள் எல்லாரும் ஒரே நொடியில் முகப்புப் பக்கத்துக்கு வந்து நிற்பார்களாம்! அந்த ஒரு நாளுக்காகச் சொந்தமாகக் கணினிகள் வாங்கிப் போட்டால், மற்ற நாளெல்லாம் அவை தூசி படிந்து கிடக்குமன்றோ?

ஆனால் கணினியை வாடகைக்கு எடுத்தால் மட்டும் போதாது. பழைய மென்பொருள் ஒரே பெரிய மூட்டை. ஓரிடத்தில் பழுதென்றால் மொத்தமும் நின்றுவிடும். பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டறையில் கொட்டாமல் பிரித்துப் போட்டால், ஒன்று அழுகினாலும் மற்றது பிழைக்கும். அதேபோல் மென்பொருளையும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டியில் வைக்கிறார்கள். கூட்டம் வந்தால் தேவையான பெட்டியை மட்டும் பத்தாக, நூறாகப் பெருக்கலாம். ஒரு பகுதியைத் திருத்த வேண்டுமானால் கடையைச் சாத்தாமலே திருத்தலாம். இத்தனை பெட்டிகளையும் மேய்ப்பதற்குக் 'குபர்நெடிஸ்' என்ற மென்பொருளைக் கூகுள் 2014இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. கிரேக்க மொழியில் அப்பெயருக்குச் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். ஒரு பெட்டி விழுந்தால் யாரும் சொல்லாமலே இன்னொன்றை அது எழுப்பிவிடும். இவ்வாறு, மேகத்தையே பிறந்த வீடாகக் கொண்டு எழுதப்படும் மென்பொருளைத்தான் 'கிளவுட் நேட்டிவ்' என்கிறார்கள்.

எல்லாரும் வாடகைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, சொந்தக் கணினி மையங்களையே வைத்திருக்கிறது. சிறு கடைக்காரர் நூறு பெட்டிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வாடகைச் சீட்டைப் பார்த்து மயங்கி விழுந்த முதலாளிகளும் உண்டு என்று அக்கா சிரிக்கிறாள்.

எனக்கு இதன் அருமை புரிந்தது கிரிக்கெட்டால் அன்று; கோவின் தளத்தால். அது 2021, இரண்டாம் அலை. எங்கள் ஊர் வழியாக ஆம்புலன்ஸ் போகும்போதெல்லாம் அம்மா ஜெபமாலையைக் கையில் எடுப்பார். ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 முதல் 44 வயதுடையோருக்கான தடுப்பூசிப் பதிவு தொடங்கியது. நிமிடத்துக்கு 27 லட்சம் வேண்டுகோள்கள் வந்து மோதியதாக அரசு அறிவித்தது. தளம் முதலில் சற்றுத் திணறியது. பின் எழுந்து நின்றது. அன்று ஒரே நாளில் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். கோவின் மேகத்தில் கட்டப்பட்டது. பதிவு, ஊசி போடும் இடம், சான்றிதழ் எல்லாம் தனித்தனிப் பகுதிகள்.

அப்போது அக்கா கல்லூரி மாணவி. ஒரு செல்பேசி எண்ணில் நான்கு பேரைப் பதியலாம் என்பதால், தெருப் பெண்கள் ஆதார் அட்டையோடு எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். முகக்கவசம் அணிந்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். அம்மாவின் பெயர் ஏறியதும் அடுத்த வீட்டு அத்தைக்குச் செல்பேசி இல்லை என்று தெரிந்தது. எங்கள் வீட்டு எண்களில் இடம் தீர்ந்திருந்தது.

"எத்தனை கோடி பேர் வந்தாலும் தாங்குமாம். இந்த ஒருத்திக்கு இடமில்லையா?" என்று அம்மா கேட்டார்.

"இடம் இருக்கும்மா, வாசலுக்கு வரத்தான் அவங்க கையில போன் இல்ல" என்றாள் அக்கா.

உச்ச நீதிமன்றமும் அந்த மே மாதத்தில் இதையே அரசிடம் கேட்டது. மே 24 முதல், அரசு மையங்களுக்கு நேரில் வருவோரும் அங்கேயே பதிந்துகொள்ளலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. அத்தை ஜூன் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். வரும் வழியில் எனக்கு ஒரு முழம் மல்லிகையும் வாங்கி வந்திருந்தார்.