உருளுமா, அடுக்கலாமா?

ஞாயிறு, கள்ளக்குறிச்சி

பள்ளி திறக்கப் போகிறது. தொடக்கப்பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் முதல் பருவத்தின் முதல் பாடமே வடிவியல்தான். அதனால் ஜூன் பிறந்ததுமே கட்டையும் உருண்டையும் ஈர்க்குச்சியும் கையில் இருந்தாக வேண்டும். எங்கள் பள்ளி இருக்கும் மலையில் கிடைப்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காதவற்றுக்காக இன்று ஊருக்குள் அலைந்தேன்.

முதலில் மரச்சிற்பப் பட்டறை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிலைகளும் வாகனங்களும் செய்கிற கைகளிடம் குழந்தைகளுக்குக் கனசதுரம் கேட்பது எனக்குக் கூச்சமாகவே இல்லை. இந்த மாவட்டத்தில் வடிவியல் அன்றாடம் நடக்கிற இடம் அதுதான். அறுத்த மிச்சம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. “அடுப்புக்குப் போறதுதானே, எடுத்துக்குங்க டீச்சர்” என்றார் பட்டறைக்காரர். பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. தானே உட்கார்ந்து பொறுக்கித் தந்தார். ஒவ்வொரு கட்டையிலும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மட்டத்துக்கும் மரத்துக்கும் இடையில் ஒளிக்கீற்று தெரியவில்லை என்றால் செங்கோணம், தெரிந்தால் இழைப்புளி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செங்கோணத்தை இப்படித்தான் முதலில் காட்ட வேண்டும், பாகைமானி அப்புறம் வரட்டும்.

பார்வைக்கு அச்சுக் கனசதுரமாக இருந்த ஒரு கட்டையை மட்டும் அவர் ஓரமாகத் தள்ளினார். “இது ஒரு பக்கம் ரெண்டு நூல் கூட.” அதைத்தான் நான் ஆசையாகக் கேட்டு வாங்கினேன். கண் கனசதுரம் என்கிறது, அளவுகோல் கனசெவ்வகம் என்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று ஒரு நான்காம் வகுப்புக் குழந்தை யோசிக்க ஆரம்பித்தால் வடிவியல் தொடங்கிவிட்டது. கடையில் விற்கிற பிளாஸ்டிக் பெட்டிகளில் இந்தக் கட்டை இருக்காது.

சைக்கிள் கடையில் வால்வு டியூப் கொஞ்சம் வாங்கினேன். அரவிந்த் குப்தா 1970-களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் இருந்தபோது கண்டுபிடித்த வழி இது: டியூப் துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் கட்டுவது. தீக்குச்சிக்குப் பதில் நான் ஒரே நீளத்துக்கு நறுக்கிய ஈர்க்குகளைப் போடுகிறேன்.

திங்கள், கள்ளக்குறிச்சி

மலையில் சிக்னல் வந்தால் வரும். பாடநூலின் கியூஆர் கோடுகளுக்குப் பின்னால் இருக்கும் வீடியோக்களில் வேண்டியவற்றை இன்றே போனில் இறக்கிக்கொண்டேன். குழந்தைகளுக்கு இவற்றை அதிகம் காட்டப்போவதில்லை. மடிப்பதைப் பார்ப்பது வேறு, மடிப்பது வேறு. வீடியோ எனக்கு, தாள் அவர்களுக்கு.

மடிப்புக்கு நான் திரும்பத் திரும்பப் போகிற புத்தகம் டி. சுந்தர ராவ் 1893-இல் சென்னையில் வெளியிட்டது. காகித மடிப்பால் வடிவியலைக் கட்டி எழுப்பும் நூல். குழந்தைப் பள்ளியைத் தொடங்கிவைத்த ஃப்ரோபெலின் விளையாட்டுச் சாமான்களில் வண்ணத்தாள் கட்டு ஒன்று உண்டு. அதைப் பார்த்துத்தான் தனக்கு இந்த எண்ணம் வந்ததாக ராவ் முன்னுரையில் சொல்கிறார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டு எழுத, 1901-இல் அமெரிக்கப் பதிப்பும் வந்தது. இன்று காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நம் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பெயர் ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதில் என் வகுப்புக்கு நேரே போகிற ஒன்று சமபக்க முக்கோணம். சதுரத் தாளை நெடுக்குவாக்கில் பாதியாக மடித்து நடுக்கோடு விழச் செய்கிறோம். கீழே ஒரு மூலையை விரலால் அழுத்திக்கொண்டு, மற்றக் கீழ் மூலையைத் தூக்கி நடுக்கோட்டின்மேல் வைத்து மடிக்கிறோம். அது கோட்டைத் தொட்ட இடத்தையும் இரண்டு கீழ் மூலைகளையும் சேர்த்தால் முக்கோணம். மூன்று பக்கமும் ஏன் சமம்? தூக்கி வைத்தது தாளின் அதே அடிப்பக்கம்தான், அதன் நீளம் எங்கே போகும்! அளவுகோல் இல்லாமல், கவராயம் இல்லாமல், ஒரு நிரூபணம்.

சென்னை முத்தியாலுப்பேட்டைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசனையும் நினைத்துக்கொண்டேன். ராமானுஜனின் கடிதங்களைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தவர், 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமையக் காரணமானவர். காசு செலவில்லாத பொருள்களைக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கைத் திறந்துகாட்டியவர் என்பதால்தான் எனக்கு அவர் நெருக்கம்.

புதன், மலை

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கரியாலூர் வழியாக மேலே ஏறி வந்தாயிற்று. கட்டைகள் மூட்டையாக என் காலடியில். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்கவில்லை. புண்ணியவான்.

சாமான் சேர்ப்பது சுலபம், அடுக்குவதுதான் வேலை. எங்களுடையது பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. ஒரே அறையில் பல வகுப்பு. பெற்றோர் மிளகு பறிக்கவும் காப்பித் தோட்ட வேலைக்கும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகும்போது சில பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள். மாதங்கள் கழித்துத் திரும்பி வருகிற பிள்ளைக்கு வகுப்பு எங்கேயோ போயிருக்கும். விட்ட இடத்தை அந்தப் பிள்ளையே கண்டுபிடித்து எடுத்துக்கொள்கிற மாதிரி அலமாரி இருக்க வேண்டும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலியிலிருந்து கற்றுக்கொண்டு வந்த முறை. ஏணிப்படி மாதிரி வரைந்த அட்டவணை, படம் போட்ட அட்டைகள், அவற்றுக்கான தட்டுகள். எந்தப் படிக்கு எந்தத் தட்டு என்று குழந்தைக்கே தெரியும். அந்த முறை பற்றி ஆயிரம் வாதம் நடந்தது. ஆனால் குழந்தை தானே எழுந்துபோய்த் தன் சாமானை எடுத்து, முடித்ததும் எடுத்த இடத்தில் வைத்தது பெரிய விஷயம். இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக்கொண்டேன்.

பெரும்பாலான பள்ளிகளில் டி.எல்.எம். (கற்றல் கற்பித்தல் துணைக்கருவி) அலமாரி பொருள்வாரியாக இருக்கும்: அட்டை ஒரு பெட்டி, கட்டை ஒரு பெட்டி, குச்சி ஒரு கட்டு. கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு அது வசதி. கற்கிற பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் துணிப்பைகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கேள்வி எழுதினேன். “உருளுமா, அடுக்கலாமா?” என்ற பையில் கட்டைகள், டப்பாக்கள், கோலிக்குண்டு, ஐஸ்கிரீம் கூம்பு. “மடித்தால் பொருந்துமா?” பையில் தாள், இலை. “அழுத்தினால் அசையுமா?” பையில் ஈர்க்கும் வால்வு டியூபும். “இடைவெளி இல்லாமல் நிரம்புமா?” பையில் அட்டையில் வெட்டிய வடிவங்கள். “மூலை எவ்வளவு திறந்திருக்கு?” பையில் மடித்த செங்கோண மூலைகள், பழைய கத்தரிக்கோல், ஒரு கடிகார அட்டை.

ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அதே பையைத்தான் திறக்கும். உள்ளே இருக்கிற அட்டையின் நிறம்தான் நிலை. ஒன்றாம் வகுப்புக் குழந்தை உருட்டிப் பார்த்துப் பிரிக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, கூம்பு ஏன் நேரே ஓடாமல் வட்டமடிக்கிறது என்று எழுதும்.

வெள்ளி, மலை

பள்ளி திறந்து இது முதல் வாரம். சதுர அட்டையை முனையில் நிற்கிற மாதிரி திருப்பிக் காட்டினேன். “டைமண்டு, டீச்சர்!” மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரல். எதிர்பார்த்ததுதான். நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியத் தம்பதி வான் ஹீலே 1957-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தந்த ஆய்வேடுகள் இதைத்தான் சொன்னன: குழந்தை முதலில் வடிவத்தை முழுதாக, ஒரு முகத்தை அடையாளம் காண்கிற மாதிரி பார்க்கிறது, பக்கம் சமம், மூலை செங்கோணம் என்ற பண்புகள் அடுத்த படி. வயது கூடினால் மட்டும் அந்தப் படி ஏறாது, கையில் அனுபவம் வேண்டும். ஆய்வேட்டை முடித்த கொஞ்ச காலத்திலேயே டீனா வான் ஹீலே இறந்துபோனார்.

யாரையும் திருத்தவில்லை. மடித்த செங்கோண மூலையை எடுத்து நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு பெண் நான்கையும் பார்த்து முடித்தாள். அட்டையைத் தரையில் நேராக வைத்தாள். மறுபடி திருப்பினாள். “டீச்சர், இது அதேதான். நின்னுக்கிட்டிருக்கு, அவ்ளோதான்.”

அடுத்த செவ்வாய், மலை

ஈர்க்கில் முக்கோணம் கட்டியவர்கள் எவ்வளவு அழுத்தியும் அது அசையவில்லை. சதுரம் கட்டியவர்களுடையது சாய்சதுரமாகச் சரிந்தது. “எங்க கூரை சட்டம் இப்பிடித்தான்” என்று ஒரு பையன் குறுக்கே ஓர் ஈர்க்கைக் கொடுத்தான். சதுரம் நின்றது.

இதையே சமையல்கார அக்கா கோலத்தில் காட்டிக்கொடுத்தார், அவர் அறியாமலே. 7-க்கு 7 நேர்ப்புள்ளி வைத்தால் சதுரம், 49 புள்ளி. 7 புள்ளி, இடைப்புள்ளி 1 வரை என்று வைத்தால் நடுவில் 7, இரு பக்கமும் 6, 5 என்று குறைந்து 1-இல் முடியும். எண்ணினால் அதுவும் 49! பக்கத்துக்கு 7 புள்ளி என்பதும் மாறவில்லை. சரிந்த சதுரம்தான் அது. அதே இடைப்புள்ளியை 4-இல் நிறுத்தினால் அறுகோணம், 37 புள்ளி. தேனடையின் அறை மாதிரியே இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்ததும் நிரப்பும் பை திறந்தது. முக்கோணம் நிரம்பியது, சதுரம் நிரம்பியது, அறுகோணம் நிரம்பியது. ஒழுங்கான ஐங்கோணம் மட்டும் ஒவ்வொரு தடவையும் இடைவெளி விட்டது. ஐந்தாம் வகுப்பு இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று நான் சொல்லப்போவதில்லை. மூலைகளைச் சேர்த்து அளக்கிற வழி அவர்கள் கையிலேயே இருக்கிறது.

மதியம் மரவள்ளிக் கிழங்கு. குறுக்கே வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். வெட்டியது நான், மையில் தோய்த்துத் தாளில் அச்சுப் போட்டது அவர்கள். மைபடாத கிழங்கு சாயங்காலம் அடுப்பில் வெந்தது.

வியாழன், மலை

குறுவள மையக் கூட்டத்துக்குக் கீழே போக வேண்டும். “அசையுமா?” பையையும், பட்டறையில் வாங்கிய அந்த ரெண்டு நூல் கூடின கட்டையையும் எடுத்து வைத்துவிட்டேன். பரப்பளவுக்கு இன்னும் ஒரு பை இல்லை. கட்டம் போட்ட தாள், சாமை, பட்டாணி எல்லாம் இருக்கிறது. மேலே எழுதக் கேள்விதான் சரியாக அமையவில்லை. “எவ்வளவு இடம் பிடிக்கும்?” என்று போட்டால் கன அளவோடு குழம்பும். “எத்தனை சதுரம் மூடும்?” என்று இப்போதைக்குப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் மற்ற ஆசிரியர்களிடம் கேட்க வேண்டும்.