சாவுப் பள்ளத்தாக்கிற் கண்ட உயிர்

ஐந்திணைகளுள் ஒன்றாகிய பாலையைக் கல்லூரி நாட்களில் ஏட்டிற் படித்தோமேயன்றிக் கண்ணாற் கண்டதில்லை. காண்பதற்கு ஈழத்தில் இடமுமில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் இயல்பு திரிந்து பாலையாகும் என்று ஆசிரியர் விளக்கியபோது, சித்திரை வெய்யிலிற் காய்ந்த விளையாட்டு மைதானத்தையே நாம் மனத்திற் கொண்டோம். கலிபோர்னியாவிற் குடியேறிய பழைய மாணவர் ஐவரும், மகனைக் காண ஊரிலிருந்து வந்திருந்த நம் வகுப்புத் தோழர் ஒருவருமாக அறுவர், மாசி மாதத்து வார இறுதியொன்றில் அப்பாலையை நேரிற் கண்டு மீண்டோம்.

ஆங்கிலத்தில் 'டெத் வேலி' என வழங்கும் சாவுப் பள்ளத்தாக்கே நாம் சென்ற இடம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் தண்ணீர் என்ற கணக்கில் நீரும், கட்டுச்சோறும், மேலதிகச் சில்லொன்றும் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். அங்கே தொலைபேசி பல இடங்களில் இயங்காது. எரிபொருள் நிலையங்களும் அருமை.

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, சியரா நெவாடா முதலிய மலைத்தொடர்களைக் கடக்கையிலேயே தன் நீரையெல்லாம் சொரிந்துவிடுகின்றது. எனவே பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி இரண்டு அங்குலமளவே. 1913 ஆம் ஆண்டு ஆடி மாதம் 10 ஆந் திகதி இங்கே பதிவான 134 பாகை பரனைற் வெப்பமே உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட மிக உயர்ந்த அளவாகும். 1933 இல் தேசிய நினைவிடமாகப் பாதுகாக்கப்பட்ட இந்நிலம், 1994 இல் தேசியப் பூங்காவாயிற்று.

கடல்மட்டத்திற்கு 282 அடி கீழேயுள்ள 'பாட்வாட்டர்' என்னும் உப்பு வெளியில் இறங்கி நடந்தோம். பனியூழிக் காலத்து ஏரி வற்றி எஞ்சிய உப்பு, கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மையாய் விரிந்து கிடந்தது. நம் தோழர் குனிந்து நோக்கி, ஆனையிறவு உப்பளம் போரினால் மூடிக்கிடந்த காலத்தைப் பற்றிச் சில சொற்கள் பேசினார், பின்பு மௌனமாயினார். அவர் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகளின் பின் தம் காணியை மீளப் பெற்றவர்.

இப்பள்ளத்தாக்கிற்குச் 'சாவு' என்ற பெயரை இட்டவர், 1849 இல் பொன்னாசையாற் குறுக்குவழி தேடி வந்து இடருற்ற வழிப்போக்கரே என்பர். இங்கு தொன்றுதொட்டு வாழும் திம்பிஷா சொசோனி மக்களுக்கு இது சாவின் இடமன்று. பள்ளத்தாக்கில் மெஸ்கீற் மரத்தின் காய்களைச் சேர்த்தும், கோடையில் மலையேறிப் பைன் விதைகளைத் திரட்டியும் அவர்கள் வாழ்ந்தனர். சிவந்த காவிமண்ணைச் சுட்டும் திம்பிஷா என்பதே அவர்தம் ஊரின் பெயர். பிறர் வந்து நிலத்தைத் தமதாக்கிய பின், அவர்கள் சிறு குடியிருப்பொன்றில் ஒடுங்கினர். 1983 இல் அரசாங்கம் அவர்களைத் தனிக்குலமாக ஏற்றது. 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 7,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர்களுக்கு மீண்டது. 1983 என்ற ஆண்டைக் கேட்டபோது நம்முள் எவரும் பேசவில்லை.

அன்றிரவு நிலவில்லை. அவ்வளவு விண்மீன்களை மின்விளக்குகள் வருமுன் ஊரிற் கண்டிருந்தோம், பின்னர்க் கண்டதில்லை. அவ்வேளையில், தோழர் இனி மகனோடு இங்கேயே தங்கிவிடுதல் நன்று என்று நம்மிற் பலர் வற்புறுத்தினோம். மனைவியை இழந்தவர், வயதும் எழுபதைக் கடந்தவர், தனித்து என் செய்வார்?

அவர் நெடுநேரம் வானத்தை நோக்கியிருந்துவிட்டு, “கிணத்தை இறைச்சுத் துப்புரவாக்கிப் போட்டன். இப்ப நல்ல தண்ணி. நான் போகத்தான் வேணும்” என்றார். அதற்கு மறுமொழி கூற நம்மிடம் ஒன்றுமில்லை.

இப்பாலை மண்ணில் மலர்விதைகள் மழையை நோக்கிப் பல்லாண்டு காத்துக் கிடப்பனவாம். போதிய மழை பெய்த ஆண்டில் அவை ஒருங்கே முளைத்துப் பூக்கும். 2016 இல் அவ்வாறு பள்ளத்தாக்கெங்கும் பூத்தது. பிறர் இறந்ததென்று கூறும் நிலம், தன்னை அறிந்தார்க்கு உயிருள்ளதாகவே இருக்கின்றது. இளைய மாணவர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே: எந்நாடு செல்லினும், அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்தோர் அதனை எப்பெயரால் அழைத்தனர் என்று கேட்டறியுங்கள். நம் தோழர் பங்குனியில் ஊர் திரும்பினார். அவரது கிணற்றுநீரைப் பருக நாம் அறுவரும் மீண்டுங் கூடுவோமாக.