எங்கே இறங்குவது?

எங்கள் வள்ளூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கப்பல் என்றால் நிலக்கரி. காமராசர் துறைமுகத்திற்கும் காட்டுப்பள்ளிக்கும் அப்பால், தம் முறை வரும்வரை நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை அவர்கள் நினைவு தெரிந்த நாள் முதலாகப் பார்த்து வருகின்றனர். அவற்றிலிருந்து இறங்கும் கரி அனல்மின் நிலையத்தில் 1500 மெகாவாட் மின்சாரம் ஆக்கப் போகிறது. அதன் சாம்பலில் ஒரு பங்கு காற்று வீசும் திசைக்கேற்ப எங்கள் கோவில் படிக்கட்டுக்கும் வந்து சேர்கிறது. மனிதர்கள் மகிழ்ச்சிக்காகவே ஏறிச்செல்லும் கப்பலும் உண்டு என்று நான் மறைக்கல்வி வகுப்பில் சொல்லியிருந்தால், சாமி கதை சொல்கிறார் என்றே நினைத்திருப்பார்கள்.

2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் பயணம் அது. அந்த மாத இறுதியில் அதில் செல்வதற்குப் பணம் கட்டிவிட்டு, எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் என் அறை வாசலில் வந்து நின்றது. கணவர் மின்நிலையத்தில் வேலை செய்பவர். மனைவி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவர். மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு நான்கு. மணமாகிப் பத்தாண்டுகளில் வேளாங்கண்ணியைத் தவிர வேறு எங்கும் போகாதவர்கள்.

“சாமி, மூன்று ஊரிலும் இறங்கலாமாம். எங்கே என்ன பார்ப்பது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்” என்றார் கணவர். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒருமுறை இலங்கைக்குச் சென்றுவந்து, அந்த ஒன்பது நாட்களை ஓராண்டுக் காலம் மறையுரைகளில் செலவழித்தவன் நான்.

தாளை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். கணவருக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். கட்டிய பணம் அவரை அப்படி நினைக்க வைத்தது; அதில் குற்றமில்லை. அம்பாந்தோட்டையில் இறங்கி யால வனத்துக்குச் சென்று சிறுத்தை பார்ப்பது என்று கோடு போட்டிருந்தார். சிறுத்தை தன்னைக் காட்டுவதற்கு நேரம் குறித்துக் கொடுப்பதில்லை; குலுங்கும் ஜீப்பில் ஐந்தாறு மணிநேரம் நான்கு வயதுக் குழந்தை என்ன செய்யும் என்று கேட்டேன். பூந்தல சரணாலயத்தில் நீர்ப்பறவைகளைப் பார்க்கலாம், பூநாரை வரும் இடம் என்று அடுத்ததைக் காட்டினார். அதற்குள் மூத்தவள், “அது நம்ம பழவேற்காட்டிலேயே வருதே, சாமி” என்றாள். அவள் சொன்னது சரி. அதுவும் ஜூனில் போய்ப் பூநாரையைத் தேடுவது வீண் அலைச்சல்.

முடிவில் உடவளவ யானைக்குட்டிகள் இல்லத்தில் வந்து நின்றோம். தாயை இழந்த குட்டிகளைப் பாலூட்டி வளர்த்து மீண்டும் காட்டுக்குள் விடுவதற்காக 1995இல் தொடங்கப்பட்ட இடம் அது. போக ஒரு மணிநேரத்துக்கும் மேல் ஆகும். ஆனால் பாலூட்டுவது குறித்த வேளைகளில் நடக்கிறது. நண்பகல் வேளைக்குப் போய்விட்டால், குட்டிகள் வரிசையாக ஓடிவந்து பால் குடிப்பதை ஒரு மேடையில் நின்று பார்த்துவிட்டு, நேரத்தோடு கப்பலுக்குத் திரும்பலாம். பிள்ளைகளின் பொறுமை நீடிக்கும் அளவே அந்தக் காட்சியும் நீடிக்கும். அம்பாந்தோட்டைக் கடலில் மட்டும் கால் நனைக்க வேண்டாம் என்றேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதம் அது. தென்கரையில் அலை உயரும், கிழக்குக் கரை அப்போது அமைதியாக இருக்கும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொன்னேன். கப்பலார் ஏற்பாடு செய்யும் வண்டியில் சென்றால், தாமதமானாலும் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக ஆட்டோ பிடித்துச் சென்றவர்களுக்காக அது காத்திருக்காது. எருசலேம் திருவிழாவிலிருந்து திரும்பும்போது, மகன் கூட்டத்தோடு வருகிறான் என்று நம்பி ஒருநாள் பயணத் தொலைவு வந்துவிட்ட பெற்றோரை நாம் அறிவோம். தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாட்கள் ஆயின. யோசேப்பும் மரியாவும் செய்த தவற்றை நாமும் செய்ய மாட்டோம் என்று எண்ணுவது மிகையான தன்னம்பிக்கை. குழந்தையின் சட்டைப்பையில் தந்தையின் தொலைபேசி எண்ணையும் கப்பலின் பெயரையும் எழுதி வையுங்கள் என்றேன்.

திருகோணமலைக்கு வந்தபோதுதான் எனக்குத் தடுமாற்றம் வந்தது. தாளில் முதலாவதாக இருந்தது நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு. படகில் சிறிது தொலைவு. பவளப்பாறை, வண்ணமீன்கள், கண்ணாடி போன்ற நீர். மனைவிக்கு அதன் மேல் ஆசை. பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். எனக்கோ படகு என்ற சொல்லைக் கேட்டதும் வாய் அடைத்தது.

2011ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, அப்போது நான் பணியாற்றிய பங்கின் பீடச்சிறுவர்கள் பதினான்கு பேரை அதே நீரில் படகில் அழைத்துச் சென்றிருந்தேன். ஒருவர் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. எத்தனை பேர் ஏறலாம் என்று நான் படகோட்டியைக் கேட்கவில்லை. முன்னால் அமர்ந்து பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன். நாங்கள் கரை சேர்ந்தோம், அவர்கள் சேரவில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் இருந்த வேறுபாடு அவ்வளவுதான். அந்தப் பதினான்கு தாய்மாரில் ஒருவரிடமும் நான் இதை இதுவரை சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

“திருகோணமலையை நன்கு அறிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்போம்” என்று சொல்லி, அன்று மாலை அவர்களைக் கும்மிடிப்பூண்டி முகாமுக்கு அழைத்துச் சென்றேன். 1990 முதல் ஈழத்து மக்கள் வாழும் முகாம் அது; 2021இல் அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. நான் சொன்ன அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். திருகோணமலை நகரில் பிறந்து வளர்ந்தவர். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மூன்று பிள்ளைகளோடு மன்னார்க் கரைக்கு வந்து, இரவில் படகேறி, தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டு ஒன்றில் இறக்கிவிடப்பட்டவர்.

செல்லும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த முகாமிலேயே பிறந்தவர்கள். அவர்களிடம் எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லை. அந்த ஊருக்கு இன்பச்சுற்றுலா போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு, இவரிடமே வழி கேட்கப் போகிறேன். இதைவிட அறிவில்லாத செயல் உண்டா? திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த அம்மா தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அனுபவமுள்ள ஆசிரியை விடைத்தாளைத் திருத்துவதுபோல் ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

“புறாத்தீவு வேண்டாம், சுவாமி. இவன் சின்னப் பிள்ளை. பெரிய ஆக்களின் சட்டையைப் போட்டுவிட்டால் தண்ணிக்குள்ளே அது தலையால் கழன்று போகும். பிள்ளை அளவிலே சட்டை இருந்தால் போகட்டும், இல்லையென்றால் கரையிலே நிற்கட்டும். கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே மான்கள் திரியும், கிட்ட வரும். பிறகு கன்னியா. ஏழு கிணறு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. பிள்ளையளுக்கு அதுதான் விளையாட்டு.”

பிரெட்ரிக் கோட்டையைப் பற்றி நானும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. 1620களில் போர்த்துக்கீசியர் கோணேசர் கோவிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டே அந்தக் கோட்டையைக் கட்டினார்கள். நம்மவர்கள் செய்தது அது. இன்று அந்தக் குன்றின் மீது கோணேசருக்கு மீண்டும் கோவில் எழுந்திருக்கிறது. மூத்தவளை அங்கே அழைத்துப்போய், மான்களைக் காட்டிய பிறகு கற்களையும் காட்டுங்கள் என்று தந்தையிடம் சொன்னேன். எட்டு வயதுக்குப் புரியும் அளவு புரியட்டும்.

பிறகு அந்த அம்மா யாரும் கேட்காமலே பேசினார். படகேறுமுன் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்கக்கூடாது, வெறும் வயிறும் ஆகாது. உலர்ந்த துணி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணவேண்டும், கண்ணால் எண்ணாமல் கையால் தொட்டு எண்ணவேண்டும். “நான் மூன்றையும் என் சீலையால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தேன். கரைக்கு வந்த பிறகுதான் யோசித்தேன், படகு புரண்டிருந்தால் அந்தக் கட்டே எங்களைக் கொண்டு போயிருக்கும் என்று. அப்போ அது பிழையா, சுவாமி? ஒன்றாகப் போகட்டும் என்றுதான் கட்டினேனோ, தெரியாது.”

நான் நான்கு ஆண்டுகள் இறையியல் கற்றவன். அந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்திலும் விடை படிக்கவில்லை. பேசாமல் இருந்தேன். இளைய பிள்ளையின் தாய் எழுந்து சென்று அவர் அருகில் உட்கார்ந்துகொண்டார்.

காங்கேசன்துறையைப் பற்றி நீண்ட விவாதம் இல்லை. கணவர் நல்லூரும் யாழ்ப்பாண நூலகமும் பார்க்க விரும்பினார். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த அந்த நூலகத்தைப் பார்க்கவேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் மூன்றாம் நாள் பிள்ளைகள் களைத்திருப்பார்கள். ஆகவே அவர் மட்டும் மகளோடு நகருக்குச் செல்வது. தாயும் மகனும் கப்பலிலேயே தங்குவது. எல்லோரும் இறங்கிப்போன கப்பலில் நீச்சல் குளம் ஏறக்குறைய அவர்களுக்கே சொந்தமாகும். துறைமுகம் வந்தால் இறங்கியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்த யோசனை தாய்க்குப் பிடித்திருந்தது. பத்தாண்டுகளில் ஒரு பகல் முழுவதும் அவர் சும்மா இருந்ததில்லையாம்.

எழுந்தபோது, “திருகோணமலையிலிருந்து உங்களுக்கு என்ன கொண்டு வரட்டும், அம்மா?” என்று கணவர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று கையசைத்தார். வாசல் வரை வந்தபின், “குவாடலூப்பே மாதா கோவில் இருந்தால் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துங்கள்” என்றார்.

ஜூலை முதல் வாரத்தில் அவர்கள் வந்தார்கள். நானும் உடன் சென்றேன். யானைக்குட்டி பால் குடித்ததை இளையவன் நடித்துக் காட்டினான். புறாத்தீவுப் படகில் சிறுவர் அளவில் சட்டை இருக்கவில்லை; அவர்கள் நிலாவெளிக் கரையில் மணல்வீடு கட்டிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றியதைத் தாய் சொன்னபோது அந்த அம்மா தலையை மட்டும் அசைத்தார். கைப்பேசியில் இருந்த படங்களை அவர் அதிகம் பார்க்கவில்லை. தெருக்கள் அடையாளம் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சிறுவனை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, “ஏழு கிணற்றிலும் குளித்தாயா? எது கூடச் சூடு?” என்று கேட்டார்.

அவன் விரல்விட்டு எண்ணினான். நான்காவதில் குழம்பி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். அவர் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, அவனோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார்.