கோயிலுக்குப் போகும் வழி

பக்கவாதம் வந்து எட்டு மாதம் கழித்து, அப்பா முதன்முறையாகத் தானே வாய்விட்டுக் கேட்டார்: "தேக்காவுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போறியாப்பா? காளியம்மனைப் பார்த்துட்டு வந்துடலாம்."

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தால்கூடப் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்தான். அன்று சக்கர நாற்காலியைத் தள்ளியபோதுதான் அந்த வழியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. கடைகளின் அஞ்சடியில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கியது. சரி, பக்கத்துச் சந்து வழியாகப் போகலாம் என்று திரும்பினேன். அங்கே வடிகால் மூடியை ஒட்டிய பள்ளத்தில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. அப்பா முன்னால் சாய்ந்து, வலுவில்லாத தோளைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்ப்பா. வீட்டுக்குப் போயிடலாம்." கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் திரும்பினோம்.

ரயிலில் வெகுநேரம் பேசாமல் வந்தவர், "அது தண்ணி நிக்கிற இடம். அடியில ஜல்லி இளகியிருக்கும்," என்றார். இளவயதில் குத்தகைக்காரர் ஒருவரிடம் தார் ரோடு போடும் வேலை பார்த்தவர் அவர். மேலே விழும் சின்ன வெடிப்பில் மழைநீர் இறங்கும். அடிப்படுகை வலுவிழக்கும். அதன்மேல் லாரி ஏறினால் பள்ளம் விழும். வெடிப்பிலேயே அடைத்துவிட்டால் செலவு கொஞ்சம். பள்ளமான பிறகு தோண்டிப் போட்டால் பல மடங்கு.

அன்றிரவு, சாலையின் தரத்தை எப்படித்தான் அளக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் புதிதாகச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை ஓயாமல் ஓட்டிச் சோதித்திருக்கிறார்கள். அச்சின் சுமை இரட்டிப்பானால் சாலையின் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். அந்த ஆய்வையொட்டிச் சிலரைக் காரில் ஏற்றி, வெவ்வேறு சாலைகளில் அழைத்துப்போய், 0 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். உட்கார்ந்திருப்பவரின் உடம்புதான் அன்றைய அளவுகோல்.

இப்போது வண்டியில் பொருத்திய லேசர் கருவி அந்த வேலையைச் செய்கிறது. 1980களில் உலக வங்கியின் முயற்சியில் உருவான அனைத்துலகக் கரடுமுரடு குறியீடு பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. முற்றிலும் வழவழப்பான சாலைக்கு அதில் 0. கரடுமுரடு கூடக் கூட எண்ணும் கூடும். ஆனால் அந்தக் குறியீடு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கு ஏற்படும் குலுக்கலை வைத்துக் கணக்கிடப்படுவது.

என் அப்பா 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அல்லர். கார் உணராமலே கடந்துவிடும் இரண்டு விரற்கடைப் பள்ளம், நாற்காலியின் சின்ன முன்சக்கரத்துக்குக் குழி. ஓரத்தில் போகிறவர்களின் குலுக்கலை அந்தக் கருவி எப்படி அறியும்? நாம்தான் சொல்ல வேண்டும். மறுநாள் அந்தச் சந்துக்குப் போய்ப் படமெடுத்து, ஒன்சர்வீஸ் செயலியில் இடத்தைக் குறித்து அனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து, தயங்கிய அப்பாவை வற்புறுத்தி மீண்டும் கூட்டிப்போனேன். பள்ளம் இருந்த இடத்தில் கறுப்பாகப் புதுத் தார். அப்பா நாற்காலியை நிறுத்தச் சொன்னார். குனிந்து, ஒட்டுப்போட்ட விளிம்பையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஓரத்தை நல்லா மூடியிருக்காங்க. தண்ணி இறங்காது," என்றார். "ம்... தள்ளு. நடை சாத்திடப் போறாங்க."