நீர்மேல் நிற்பவரின் படம்

துடுப்புப் பலகை என்பது 10 முதல் 12 அடி நீளமுள்ள மிதவை. அதன்மேல் நின்றுகொண்டு ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்வார்கள். இந்த விளையாட்டு பிறந்தபோதே அதன் கழுத்தில் கேமரா தொங்கியது. ஹவாயின் வைகிகி கடற்கரையில் அலைச்சறுக்குக் கற்க வந்த சுற்றுலாப் பயணிகளைப் படமெடுக்க, அதைக் கற்றுக்கொடுத்தவர்களே பலகையில் ஏறி நின்று துடுப்பு வலித்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. படுத்தபடி கையால் துழாவினால் கேமரா நனைந்துவிடும் அல்லவா? ஆ சோய் சகோதரர்களின் பெயர் இதில் அடிக்கடி சொல்லப்படுகிறது. 2000-க்குப் பிறகுதான் அது உலகெங்கும் தனி விளையாட்டாகப் பரவியது. கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த கரைக்கு இந்தப் பலகை வெளிநாட்டுப் பொருளாக வந்து சேர்ந்தது ஒரு வேடிக்கை.

தமிழ்நாட்டில் கோவளத்திலும் ராமநாதபுரம் மாவட்டத்துப் பிரப்பன்வலசையிலும் இந்தப் பலகைகளைக் காணலாம். பிரப்பன்வலசை பாக் விரிகுடாவின் கரையில் உள்ளது. அதே விரிகுடாதான் வடக்கே மீமிசல், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலாகவும் இருக்கிறது. ஆழம் குறைவு; கோவளத்தைப் போல அலை எழுந்து உடைவதில்லை. அலைச்சறுக்குக்காரருக்கு இது குறை. நின்று துடுப்பு வலிப்பவருக்கும் அவரைப் படமெடுப்பவருக்கும் இதுவே வாய்ப்பு.

காலம் பார்த்துப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கடலிலிருந்து கரை நோக்கி அடிக்கும். நீர் கலங்கிச் சேறாகிவிடும். கோடையில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோர நீர் தகடுபோல் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறையில் கட்டிக்கிடக்க, கடல் வெறிச்சென்று இருக்கும். ஆனால் படத்துக்கு நல்ல அந்தக் கச்சான்தான் பலகையைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போவதும். உயிர்காப்புச் சட்டையும் பலகையையும் காலையும் பிணைக்கும் கயிறும் இல்லாதவரைப் படத்துக்காக உள்ளே போகச் சொல்வது தவறு.

புதுக்கோட்டைக் கரை கிழக்கு நோக்கியது. காலையில் சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்கும். முகம் இருண்டு நிழலுரு மட்டும் கிடைக்கும். நிழலுருவில் கால்கள் விலகியும் துடுப்பு உடம்பைவிட்டுப் பிரிந்தும் தெரிய வேண்டும். ஒட்டிக்கொண்டால் ஆள் நட்ட கம்பம்போல் ஆகிவிடுவார். மாலையில் வெளிச்சம் நிலப்பக்கத்திலிருந்து வந்து முகத்தில் விழும். உச்சிவேளை இரண்டுக்கும் உதவாது. மின்னும் நீரைக் கண்டு கேமராவின் ஒளிமானி ஏமாந்து படத்தை இருட்டாக்கும். அப்போது ஒளியளவைக் கையால் ஒரு படி கூட்டிவைப்பார்கள். துடுப்பிலிருந்து சிதறும் துளிகளை உறையவைக்க ஷட்டர் வேகம் 1/1000 நொடியாவது வேண்டும். 1/60 நொடியில் ஆளோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினால் நீர் கோடுகளாக இழுபடும்.

இவை பழகினால் வந்துவிடும். பழகியவரும் தவறவிடுவது கேமரா இருக்கும் உயரம். கடலும் வானமும் சேரும் கோடு, படத்தில் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே விழும். கரையில் நின்று கண்ணளவில் எடுத்தால், நீரிலிருந்து ஐந்தடி உயரத்தில் அந்தக் கோடு பலகைக்காரரின் கழுத்தை அறுத்துக்கொண்டு போகும். குந்தி உட்கார்ந்து இரண்டடிக்கு இறக்கினால் கோடு முழங்காலுக்கு வரும். ஆள் வானத்தில் ஓங்கி நிற்பார், நீர் ஒடுங்கிவிடும். மேடான இடத்தில் ஏறினால் கோடு தலைக்கு மேலே போய், ஆள் முழுக்க நீருக்குள் அடங்குவார்.

நீரின் பளபளப்பை வெட்டும் போலரைசர் வடிகட்டியும் உயரத்தையே கேட்கிறது. பார்வை நீர்மட்டத்தோடு ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் சாயும்போதுதான் அதன் வேலை உச்சத்தில் இருக்கும். ஐந்தடி உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கோணம் கிடைப்பது காலடியிலிருந்து ஏழடி தூரத்து நீரில். நூறு அடிக்கு அப்பால் போகும் பலகைக்கு அந்த வடிகட்டியைக் கரையில் நின்று மாட்டுவது பெரும்பாலும் வீண்.

நீரில் நிற்கும் மனிதரை எந்த உயரத்திலிருந்து காட்டுவது என்ற கேள்வி புதுக்கோட்டைக்குப் புதிதல்ல. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மூன்று ஆண்கள் அதில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள் இலைகளுக்கிடையே திரிகின்றன. அந்தக் கோயிலில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், திருப்பணி நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியர் அடிவானத்தையே விட்டுவிட்டார். குளத்தை ஒரு துணிபோல் விரித்து மேலிருந்து காட்டிவிட்டு, மனிதர்களையும் விலங்குகளையும் பக்கவாட்டில் நிறுத்தினார். கேமராவால் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. டிரோன் நேர்மேலே நின்றால் நீர் விரியும். ஆனால் ஆள் ஒரு தலையாகவும் இரண்டு தோளாகவும் சுருங்கிவிடுவார். சற்றுச் சாய்வாகக் கீழே இறக்கினால் ஓவியருக்கு அருகில் வரலாம். சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் நேர்மேலிருந்து எடுத்தாலும் ஒரு வழி உண்டு: தெளிந்த ஆழமற்ற நீரின் தரையில் நீண்டு விழும் நிழல் நிற்பவரின் உருவத்தைச் சொல்லிவிடும்.

டிரோனுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. பறக்கத் தடையில்லாத இடமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை தள வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டும். கீழே இருப்பதும் வெறும் நீரல்ல. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மேலிருந்து கறுப்புத் திட்டுகளாகத் தெரிபவை கடற்பசுக்கள் மேயும் கடற்புல். படத்துக்காகக் கடற்பசுவைத் துரத்தக் கூடாது.

வைகிகிக்காரர்களைப் போலப் பலகையில் நின்றே எடுப்பவருக்கு உயரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி குறைவு, நெருக்கம் கிடைக்கும். மண்டியிட்டால் ஆட்டம் குறையும். கேமராவை நீர்புகா உறையில் போட்டு மார்போடு கட்டிக்கொள்வார்கள். கரையேறியதும் உப்பு காய்வதற்குள், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவை ஒற்றியெடுக்க வேண்டும். காய்ந்தபின் தேய்த்தால் உப்புத்தூள் லென்ஸில் கீறல் போட்டுவிடும்.